பதரின் நிழற்படம்

ஸ்வீடனின் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிய காடுகளில், ஸ்காட்ஸ் பைன் மரம் ஒரு விதையை உருவாக்கி முடிக்க இரண்டு கோடைகளைச் செலவழிக்கிறது. முதல் கோடையில் காற்று மகரந்தத்தைக் கொண்டுவந்து இளம் கூம்பில் சேர்க்கும். மகரந்தக் குழல் சிறிது நீண்டு, குளிர் வந்ததும் அப்படியே நின்றுவிடும். கருவுறுதல் அடுத்த கோடையில்தான். அந்தக் கோடையும் அங்கே மிகக் குறுகியது. வெயில் சரிவதற்குள் கரு வளர்ந்தாக வேண்டும். வளராவிட்டால் அரைகுறையாக உறைந்துபோகும்.

ஆனால் விதையின் உறை கருவுக்காகக் காத்திருப்பதில்லை. கரு தலையெடுக்கும் முன்பே உறை ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடுகிறது. பிறகு கடினமாகிறது, நிறம் ஏறுகிறது, சிறகு முளைக்கிறது. உள்ளே கரு இறந்துபோனாலும் வெளியே எல்லாம் ஒழுங்காக நடந்து முடிந்துவிடும். கூம்பு விரியும்போது முழு விதையும் வெற்று விதையும் ஒரே பழுப்பில், ஒரே பளபளப்பில் உதிர்கின்றன. ஆயிரம் விதைகளை நிறுத்தால் நான்கைந்து கிராம்தான் இருக்கும். கையில் அள்ளினால் எது எதுவென்று விரலுக்குத் தெரியாது.

நெல்லை நம்பி வாழ்ந்த சமூகத்துக்கு இந்த ஏமாற்றம் நன்றாகவே பழக்கம். அதனால்தான் தமிழில் விளங்காத விதைக்கு இத்தனை பெயர்கள். உமி மட்டும் இருந்து அரிசி இல்லாதது பதர். பால் பிடிக்காமல் வெளுத்துப்போன கதிர் சாவி. ஓட்டைக் குலுக்கினால் காற்று மட்டும் இருக்கும் கடலை பொக்கு. பூச்சி தின்றது சொத்தை. பிடித்த பாலும் வற்றிச் சுருங்கியது சூம்பல். முறத்தில் இட்டுக் காற்றில் தூற்றினால் பதர் பறக்கும். உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, அது நாலணா அளவு மேலே தெரியும் வரை உப்பைச் சேர்த்து, அந்தக் கரைசலில் விதைநெல்லைக் கொட்டினால் பதர் எல்லாம் மேலே வரும். வேளாண்மைத் துறை இன்றும் பரிந்துரைக்கும் முறை இது.

காற்றும் தண்ணீரும் எடையைத்தான் அறியும். உள்ளே இருப்பது என்ன, இல்லாமல் போனது எதனால் என்பது வேறு கேள்வி. அதற்கு விதையைப் பிளக்க வேண்டும். பிளந்த விதை முளைக்காது.

*

1895 நவம்பரில் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரோன்ட்கன் எக்ஸ் கதிர் என்ற புதிய கதிரைக் கண்டுபிடித்தார். டிசம்பரில் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் தெரிந்த அந்தப் படம் சில வாரங்களில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. மருத்துவர்கள் குண்டையும் முறிந்த எலும்பையும் தேடக் கிளம்பினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1903இல், ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆக்சல் லுண்ட்ஸ்ட்ரோம் அதே கதிரின் வழியில் காட்டு மர விதைகளை வைத்தார். வெற்று விதையும் நிறைந்த விதையும் வெவ்வேறு நிழல்களாக விழுந்தன. விதையைப் பிளக்காமலேயே உள்ளே பார்க்க முடிந்தது.

அதற்குப் பின் அரை நூற்றாண்டுக்கு அந்த வழியில் பெரிதாக யாரும் போகவில்லை. வெட்டிப் பார்ப்பதும், முளைக்க வைத்து எண்ணுவதும் போதும் என்று விதைச் சோதனைக்கூடங்கள் இருந்துவிட்டன. 1924இல் கேம்பிரிட்ஜில் பன்னாட்டு விதைச் சோதனைச் சங்கம் தொடங்கப்பட்டபோதும் இந்தக் கதிர் மருத்துவமனையின் பொருளாகவே இருந்தது.

இடைப்பட்ட காலத்தில் எக்ஸ் கதிர் விதைகளிடம் வந்தது உண்மைதான். ஆனால் பார்ப்பதற்காக வரவில்லை. 1927இல் அமெரிக்காவில் ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள் மீது அதைப் பாய்ச்சி மரபணுக்களில் மாற்றங்களை உண்டாக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே ஸ்வீடனின் ஸ்வாலோவில் ஓகெ குஸ்தாஃப்சன் என்ற இளைஞர் பார்லி விதைகள் மீது கதிர் பாய்ச்சத் தொடங்கினார். விதையின் உள்ளே புகுந்து அதன் எழுத்தை மாற்றி எழுதும் கருவியாக அந்தக் கதிர் ஆனது.

இதே குஸ்தாஃப்சன்தான் 1953இல் ஆய்வாளர் மிலன் சிமாக்குடன் சேர்ந்து காட்டு மர விதைகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். கதிரால் படமெடுப்பது, கதிரை விதை எவ்வளவு தாங்கும் என்பது ஆகிய இரண்டும் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே அருகருகே இருந்தன. ஒரே கதிர், குறைந்த அளவில் பார்வையாக இருக்கிறது, கூடினால் கேடாகிறது. ஊசியிலை மரங்கள் கதிர்வீச்சைத் தாங்கும் வலு குறைந்தவை என்பதை 1986இல் செர்னோபில் அணு உலைக்கு அருகில் இருந்த காடு உலகுக்குக் காட்டியது. பச்சை இழந்து செம்பழுப்பாகி மடிந்த அந்த மரங்கள் ஸ்காட்ஸ் பைன்கள். ‘செங்காடு’ என்றே அந்த இடத்துக்குப் பெயர் வந்துவிட்டது. விதைகளைப் படமெடுப்பவர்கள் பயன்படுத்துவது இதிலிருந்து வெகு தொலைவில் உள்ள மென்கதிர். மருத்துவமனையில் மார்புப் படத்துக்கு 100 கிலோவோல்ட்டை ஒட்டிய அழுத்தம் தேவைப்படும் என்றால், விதைக்கு 10 முதல் 30 வரை போதும். படமெடுத்த விதையை எடுத்து அப்படியே விதைக்கலாம்.

*

சிமாக்கும் குஸ்தாஃப்சனும் பைன் விதையின் படங்களை வரிசைப்படுத்தினார்கள். வெளிச்சத்துக்கு எதிரே படச்சுருளைப் பிடித்தால் விதைகள் வரிசையாகத் தெரியும். கதிர் தடையின்றிக் கடந்த இடம் கறுப்பு, தடுக்கப்பட்ட இடம் வெளுப்பு. உறை மட்டும் மெல்லிய வெண் கோடாக வளைந்து, நடுவே முழுக் கறுப்பு என்றால் உள்ளே எதுவும் இல்லை. அது பூஜ்ய வகுப்பு. உணவுத் திசு இருக்கிறது, கரு இல்லை என்றால் முதல் வகுப்பு. கரு இருக்கிறது, ஆனால் தனக்கான குழியில் பாதியைக்கூட நிரப்பவில்லை என்றால் இரண்டாம் வகுப்பு. பாதிக்கு மேல், முக்கால்வரை வளர்ந்திருந்தால் மூன்றாம் வகுப்பு. குழியை ஏறக்குறைய நிரப்பி நிற்கும் கரு நான்காம் வகுப்பு. உணவுத் திசுவுக்குத் தனியாக இரண்டு குறிகள் உண்டு: உறையை நிறைத்திருந்தால் ‘ஏ’, சுருங்கியிருந்தால் ‘பி’.

பூஜ்ய வகுப்புக்குப் பதர் என்று தமிழ் எப்போதோ பெயர் வைத்துவிட்டது. ‘பி’ என்பது சூம்பல். முதல் வகுப்புக்குத்தான் நம்மிடம் சொல் இல்லை. சாப்பாடு தயார், சாப்பிட ஆள் இல்லை என்ற அந்த நிலை நெல்லுக்கு வராது. நெல்லிலும் மற்றப் பூக்கும் தாவரங்களிலும் கருவுற்ற பிறகுதான் கருவூண் உருவாகிறது. பைன் மரத்தின் வழி வேறு. அங்கே உணவுத் திசு கருவுறுதலுக்கு முன்பே தாயின் பங்காக அமைந்துவிடுகிறது. பிள்ளை வருமா என்று தெரியாமலேயே தொட்டிலும் பாலும் தயாராகிவிடுகின்றன.

அந்த விதைக்குள் நடக்கும் போட்டியும் விசித்திரமானது. பைன் விதை ஒன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகள் கருவுறலாம். பல கருக்கள் ஒரே நேரத்தில் வளரத் தொடங்கும். ஒன்று முந்தும், மற்றவை கரைந்துபோகும். மரம் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றிருந்தால் தாய் வழியிலும் தந்தை வழியிலும் வரும் குறைகள் ஒன்றுசேர்ந்து, கருக்கள் எல்லாமே இறந்துவிடக்கூடும். அப்போது உணவுத் திசுவும் வற்றி, உறை மட்டும் மிஞ்சும். பின்லாந்தின் ரிஸ்தோ சார்வாஸ் 1962இல் வெளியிட்ட ஸ்காட்ஸ் பைன் பற்றிய நீண்ட ஆய்வில் இந்தத் தொடர்பை விரிவாக எழுதியிருக்கிறார்.

எக்ஸ்-ரே தட்டு வேறொன்றாக மாறும் இடம் இதுதான். விதை வாங்க வந்தவருக்குப் பதர் ஒரு நட்டம், அவ்வளவே. காட்டைப் படிக்க வந்தவருக்கு அது சாட்சி. ஒரு மரத்தின் கூம்புகளில் பூஜ்ய வகுப்பு வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், அந்த மரத்துக்குப் பக்கத்தில் துணை இல்லையோ என்று சந்தேகிக்கலாம். சுற்றியிருந்த மரங்கள் வெட்டப்பட்டு, காற்று கொண்டுவர வேற்று மகரந்தம் இல்லாமல், அது தன்னையே நம்ப வேண்டியிருந்திருக்கலாம். இரண்டாம் வகுப்பு அதிகம் என்றால் அந்த ஆண்டு கோடை சீக்கிரம் முடிந்துவிட்டது. விதையின் படத்தில் தெரிவது விதை மட்டுமல்ல. தாய் நின்ற இடமும், அந்த ஆண்டின் வெயிலும், அக்கம்பக்கமும் கூடத்தான்.

ஸ்வீடன் வனத்துறையினர் இந்தச் சாட்சியத்தைக் காதில் வாங்கிக்கொண்டார்கள். வடக்கின் குளிரைத் தாங்கும் மரங்களை வடக்கில்தான் நட வேண்டும். ஆனால் வடக்கின் கோடையில் அவற்றின் விதை முற்றுவது நிச்சயமில்லை. அதனால் வடக்கத்தி மரங்களிலிருந்து எடுத்த ஒட்டுக்களைத் தெற்கே, வெயில் நீளும் இடங்களில் விதைத் தோப்புகளாக வளர்த்தார்கள். தெற்கில் முற்றிய விதை வடக்கே பயணம் போகிறது. பேறுகாலத்துக்குத் தாய்வீடு போவதுபோல என்று சொல்லலாம். போகும் இடம் மட்டும் அயலூர்.

*

பூச்சி விஷயத்தில் படம் இன்னும் கறாரானது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் டக்ளஸ் ஃபிர் மரத்தின் விதைக்குள் வாழ்வதையே தொழிலாகக் கொண்ட சிறு குளவி ஒன்று உண்டு. மெகாஸ்டிக்மஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கூம்பு இளசாக இருக்கும்போதே பெண் குளவி தன் நீண்ட ஊசியைச் செதில்களுக்கு இடையே செலுத்தி, விதைக்குள் முட்டையிட்டுவிடும். விதை வளர வளர அந்தத் துளை தெரியாமல் போகும். உள்ளே புழு கருவையும் உணவையும் தின்று தீர்த்து, உறைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். சில புழுக்கள் பல ஆண்டுகள்கூட அப்படியே உறங்கும். வெளியே வரும் நாளில்தான் உறையில் வட்டத் துளை விழும். அதுவரை அந்த விதை நல்ல விதைபோலவே இருக்கும்; எடையும் ஓரளவு ஒத்துப்போகும். முறமோ தண்ணீரோ இதைப் பிடிப்பது நிச்சயமில்லை. எக்ஸ்-ரே படத்தில் மட்டும் உறைக்குள் சுருண்டு படுத்திருக்கும் புழு தெளிவாகத் தெரியும்.

விதை மூட்டைகளோடு இந்தக் குளவி ஐரோப்பாவுக்கும் நியூசிலாந்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. சுங்கச் சோதனையில் யாரும் விதையின் வயிற்றுக்குள் பார்க்கவில்லை.

கனடாவின் பாட்ரிக் வான் ஆடர்காஸும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் இதைவிட வியப்பான ஒன்றைச் சொன்னார்கள். டக்ளஸ் ஃபிர் மரத்தில் கருவுறாத சூலின் உணவுத் திசு தானாகவே சிதைந்துவிடும். மரம் வீணாகச் செலவழிப்பதில்லை. ஆனால் குளவியின் புழு உள்ளே இருந்தால் கருவுறாத சூலிலும் அந்தத் திசு சிதையாமல் நின்று, உணவைச் சேர்த்துக்கொண்டே போகிறது. கருவின் இடத்தில் புழு அமர்ந்துகொண்டு, தானே கரு என்று தாயை நம்ப வைக்கிறது. சொத்தை என்று நாம் ஒரே சொல்லில் ஒதுக்குவதற்குள் இத்தனை பெரிய ஆள்மாறாட்டம்.

மரமும் பதிலுக்கு ஏமாற்றும். மத்தியதரைக் கடல் நாடுகளில் வளரும் பிஸ்தாவின் உறவு மரம் ஒன்றில், விதையே இல்லாத காய்கள் முழு அளவில் காய்க்கின்றன. ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் ஆனா ட்ராவெசெட் 1993இல் வெளியிட்ட ஆய்வு, இந்த வெற்றுக் காய்கள் நிறைந்த மரத்தில் பூச்சிகளால் இழக்கும் விதைகள் குறைவு என்று காட்டியது. விதை தின்ன வரும் பூச்சி பொக்குக் காய்களில் முட்டையிட்டு ஏமாந்துபோகிறது. அங்கே பதருக்கும் ஒரு வேலை உண்டு.

படம் திணறும் இடங்களும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்து 1999இல் இத்தாலியில் முதன்முதலாகக் காணப்பட்ட நாவாய்ப்பூச்சி ஒன்று, தன் ஊசிவாயைப் பைன் விதைக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். படத்தில் தெரிவது சுருங்கிய திசு மட்டுமே. கரு தானாக இறந்து சூம்பியதா, பூச்சி உறிஞ்சிச் சூம்பியதா என்று நிழலைப் பார்த்துச் சொல்வது கடினம். வீடு காலியானது தெரியும். குடியிருந்தவர் போனாரா, திருடன் வந்தானா என்பது தெரியாது.

*

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு இருக்கிறது. ஸ்வீடனில் சிமாக்கின் வழியில் பணியாற்றிய எஸ்.கே. கம்ரா, 1973இல் தேக்கு விதையை எக்ஸ்-ரே மூலம் ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டார். தேக்கு நாற்று விட்டவர்களுக்கு அந்த மரத்தின் பிடிவாதம் தெரியும். கேரளத்தின் நிலம்பூரில் 1840களில் மாவட்ட ஆட்சியர் கானலியும் சாத்து மேனனும் தேக்குத் தோட்டம் போட முயன்றபோது, விதையை முளைக்க வைப்பதே முதல் தலைவலியாக இருந்தது. ஊறவைத்து, உலர்த்தி, மீண்டும் ஊறவைத்து என்று நாற்றங்கால்காரர்கள் இன்றுவரை அதோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

நாம் தேக்கு விதை என்று வாங்குவது உண்மையில் காய். கோணி நூல் சுற்றியதுபோன்ற மேல்தோலுக்குள் கல்போன்ற கொட்டை. அதற்குள் நான்கு அறைகள். நான்கிலும் விதை இருப்பது அபூர்வம். ஒன்று இருக்கலாம், இரண்டு இருக்கலாம், எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். சுத்தியலால் உடைத்தால் விதையும் சேர்ந்து நசுங்கும். உடைக்காமல் அறைகளை எண்ணக் கதிர் உதவியது. ஊறவைப்பதிலும் உலர்த்துவதிலும் எத்தனை கைத்திறன் காட்டினாலும், நான்கு அறையும் காலியான காய் முளைக்கப் போவதில்லை. முளைக்காததற்கு நாற்றங்கால்காரரின் கையைக் குறை சொல்வதற்கு முன்னால் காய்க்குள் ஆள் இருந்ததா என்று பார்க்க வழி கிடைத்தது.

*

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சியது. நான்காம் வகுப்புக் கரு, ‘ஏ’ தரத்து உணவு, உறையில் கீறல் இல்லை, புழு இல்லை. படத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. விதைத்தால் முளைக்கவில்லை. ஏனென்றால் அது செத்த விதை. பழைய விதையும், வெப்பத்தில் வெந்த விதையும், உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு இறந்துபோகின்றன. நிழல் உடம்பைத்தான் காட்டும்.

உயிரையும் படத்தில் பிடிக்க சிமாக் பல ஆண்டுகள் முயன்றார். 1957இல் விதைகளைப் பேரியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்துப் படமெடுக்கும் முறையை முன்வைத்தார். வயிற்றுப் படம் எடுக்கும் முன் நோயாளிக்குப் பேரியம் கலந்த வெள்ளைக் குழம்பைக் குடிக்கக் கொடுப்பார்களே, அதே தத்துவம். பேரியம் கதிரைத் தடுக்கும்; போன இடமெல்லாம் படத்தில் வெளுப்பாகத் தெரியும். உயிருள்ள செல்லின் சவ்வு அந்த உப்பை உள்ளே விடாது. இறந்த செல்லுக்குக் காவல் இல்லை. உப்பு தாராளமாகப் புகுந்துவிடும். ஆக, படத்தில் பளிச்சென்று தெரிவது இறந்த பகுதி. ஆனால் பேரியம் குளோரைடு நச்சு உப்பு. உயிரைக் கண்டுபிடிக்க உயிருக்கே ஆபத்தான ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது.

1980களின் தொடக்கத்தில் அவர் வந்து சேர்ந்த விடை மிக எளிமையானது: தண்ணீர். விதைகளை முதலில் ஈரம் குடிக்க விட வேண்டும். சில நாள் அந்த ஈரத்திலேயே வைத்திருக்க வேண்டும். பிறகு உலர்த்த வேண்டும். உயிருள்ள விதை குடித்த தண்ணீரைச் சுலபத்தில் விட்டுக்கொடுப்பதில்லை. இறந்த விதை விரைவாக உலர்ந்து சுருங்குகிறது. அந்த நேரத்தில் படமெடுத்தால் உயிருள்ளதும் இல்லாததும் வேறுபட்டுத் தெரியும். ஈரத்தில் வைத்திருத்தல், உலர்த்தல், எக்ஸ்-ரே ஆகிய மூன்று படிகளின் ஆங்கில முதலெழுத்துகளால் இந்த முறைக்கு ஐ.டி.எக்ஸ். என்று பெயர்.

படத்தில் தெரிந்த இந்த வேறுபாடு எடையிலும் இருந்தது. தண்ணீரைப் பிடித்துவைத்த விதை கனம், விட்டுவிட்டது லேசு. அப்படியானால் மூட்டை மூட்டையாக விதை பிரிக்க எக்ஸ்-ரே வேண்டியதில்லை. உலர்த்திய விதைகளைத் தண்ணீரில் கொட்டினால் உயிருள்ளது மூழ்கும், இறந்தது மிதக்கும். நிறைந்தும் செத்துக்கிடந்த விதைகளை நிறைந்தும் உயிரோடிருந்த விதைகளிடமிருந்து பிரிக்க முடிந்தது இப்படித்தான். அதே ஸ்வீடனில் லெஸ்டாண்டரும் பெரிஸ்டெனும் 1985இல் உறை வெடித்த விதைகளைப் பிரிக்க இன்னொரு உபாயம் சொன்னார்கள். தண்ணீரில் மிதக்கும் விதைகளின் மேல் காற்றை உறிஞ்சி எடுத்து மீண்டும் விட்டால், கீறல் வழியே தண்ணீர் புகுந்து, வெடித்த விதைகள் மட்டும் அமிழ்ந்துவிடும். நூற்றாண்டின் மிக நவீனமான கதிர், விதையைப் பற்றி அறிய வேண்டியதை அறிந்துகொண்டு, வேலையை மீண்டும் தண்ணீர்த் தொட்டியிடமே ஒப்படைத்தது. உப்புக் கரைசலில் முட்டையை மிதக்கவிடும் உழவருக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

இதனால் கதிருக்கு வேலை போய்விடவில்லை. இன்று படச்சுருள் போய், பெட்டிபோன்ற சிறு கருவிக்குள் தட்டை வைத்தால் திரையில் படம் வருகிறது. கணினியே வகுப்பு பிரிக்கப் பழகிவருகிறது. இங்கிலாந்தின் வேக்ஹர்ஸ்ட்டில் 2000இல் திறக்கப்பட்ட மில்லேனியம் விதை வங்கியில், உலகெங்கிலுமிருந்து வரும் விதைத் தொகுப்புகளில் மாதிரி எடுத்துப் படம் பார்த்த பிறகே எத்தனை விதை உண்மையில் சேமிக்கப்படுகிறது என்று கணக்கெழுதுகிறார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் மரம் ஒன்றின் சில நூறு விதைகள் வந்திருக்கலாம். அவற்றைப் பிளந்து பார்த்துச் செலவழிக்க முடியாது. பதரையும் சேர்த்து எண்ணிவிட்டு, பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் முடியாது.

விதைக்குள் இருப்பதைப் பற்றிக் கடைசியாகச் சொல்ல வேண்டிய முளைப்புச் சோதனையாளரிடம் எக்ஸ்-ரே கருவி இல்லை. அவரிடம் ஈரத்தாளும் நாட்காட்டியும் இருக்கின்றன. ஸ்காட்ஸ் பைன் விதையின் முளைப்புச் சோதனையில் முதல் எண்ணிக்கை ஏழாம் நாள். இறுதி எண்ணிக்கை இருபத்தோராம் நாள். படமெடுத்த தட்டிலிருந்து விதைகளை வரிசை கலையாமல் எடுத்து அந்தத் தாளில் அடுக்குகிறார்கள். எந்தப் படத்துக்கு எந்த முளை என்று பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக.